வரிசையில் நிற்க மட்டும் வலிக்கும்

எனக்கு நடக்க வலிக்காது. நிற்கத்தான் வலிக்கும். இந்த ஒரு விஷயத்தை ஊருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இடுப்பும் முதுகெலும்பும் சேரும் இடத்தில் வீக்கம் என்றார் திருநெல்வேலி டாக்டர். அசையாமல் இருந்தால் இறுகும், நடந்தால் இளகும். வாயில் நுழையாத ஒரு பெயரும் சொன்னார். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கட்டு இல்லை, கம்பு இல்லை, நொண்டல் இல்லை. ஆளும் பார்க்க வாட்டசாட்டமாக வேறு இருந்து தொலைக்கிறேன்.

சங்கரன்கோவிலில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். வகுப்பில் நாற்காலிப் பக்கமே போகமாட்டேன். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பேன். “டீச்சர்னா இவங்கள மாதிரி சுறுசுறுப்பா இருக்கணும்” என்று ஹெட்மாஸ்டர் ஒரு கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் பாராட்டினார். அதே கூட்டத்தில், நான் எழுந்து எழுந்து வெளியே போனதற்குத் திட்டவும் செய்தார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கொடி ஏறியதும் ஊரே கோயிலைச் சுற்ற ஆரம்பித்துவிடும். ஆடிச்சுற்று என்று பெயர். நேர்ந்துகொண்டவர்கள் நூற்றெட்டு சுற்று சுற்றுவார்கள். நானும் வருஷாவருஷம் சுற்றுகிறேன். பக்தியும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்களில் என் இடுப்பு பஞ்சாக இருக்கும். கூட்டத்தோடு கூட்டமாக நடப்பதால் யாரும் ‘ஏன் இப்படிக் கிடந்து உலாத்துத?’ என்றும் கேட்பதில்லை. பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? “நூத்தியெட்டு சுத்துறவளுக்கு அடுப்படியில நிக்க மட்டும் இடுப்பு வலிக்குமோ?” என்று சொந்தக்காரக் கல்யாணத்தில் ஒருத்தி என் காதுபடவே கேட்டாள்.

மற்றவர்கள் பேசினால் போங்கடி என்று விட்டுவிடுவேன். என் மகள் பேசியதுதான் சுட்டது. ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். மொட்டைமாடியில் பக்கத்துவீட்டுப் பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் துணி எடுக்கப் படியேறிப் போனேன்.

“எங்கம்மா சும்மா சொல்லுவாட்டி. கோயில் சுத்த வலிக்காதாம். வரிசையில நிக்க மட்டும் வலிக்குமாம்.”

இரண்டும் சிரித்தன. நான் துணியை எடுக்காமலேயே இறங்கி வந்துவிட்டேன். பெற்ற பிள்ளைக்கே நான் நடிப்புக்காரி என்றால் வேறு யாரிடம் போய் முறையிடுவது? அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, லீவுக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு வந்தது. மதுரைப் பக்கம் இருக்கும் தீம் பார்க்குக்குப் போகணும், அங்கே உயரத்துக்கு ஏறித் தண்ணீருக்குள் சறுக்கி விழும் படகு இருக்கிறது என்றாள் மகள். “நீ அதுலல்லாம் வரமாட்ட, ஒனக்கு வலிக்கும்” என்று உதட்டைச் சுழித்தாள். வந்தது பாருங்கள் ரோஷம்! “ஏன் வரமாட்டேன்? உன் பக்கத்துல நான்தான் உக்காருவேன், பாரு” என்று சொல்லிவிட்டேன். குலுக்கல் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னது, சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

யோசித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் அடி. படகில் ஏறினால், பார்த்தியா, வலியெல்லாம் பொய் என்று அவள் மனதில் முத்திரை விழுந்துவிடும். ஏறாவிட்டால் வாக்குத் தவறியவள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

என் நாத்தனார் புளியங்குடியில் இருக்கிறாள். அவள்தான் வேன் பேசினாள். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் குடும்பமும் நானும் மகளும் விடியற்காலையில் கிளம்பினோம். ராஜபாளையம் தாண்டுவதற்குள் இடுப்பில் யாரோ ஆணி இறக்குவது போலிருந்தது. “வண்டிய நிறுத்துங்க, டீ குடிப்போம்” என்றேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா என்றேன். அதற்கப்புறம் பாத்ரூம் என்றேன். இறங்கி, சாலையோரமாக அங்கேயும் இங்கேயும் நடந்துவிட்டு ஏறினேன்.

“மதினி, நீங்க டூர் வந்தியளா, டீக்கடை ஆய்வுக்கு வந்தியளா?” என்றாள் நாத்தனார். வேனே சிரித்தது. என் மகளும் சிரித்தாள்.

பார்க்குக்குள் போனதும் கொஞ்ச நேரம் எனக்குக் கொண்டாட்டம். நடந்தேன், நடந்தேன், அவ்வளவு நடந்தேன். ஒவ்வொரு ராட்டினத்திலும் மற்றவர்கள் வரிசையில் நிற்க, நான் பைகளைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன். மத்தியானத்துக்குப் பிறகு அந்தப் படகுக்கு வந்தோம். கம்பித் தடுப்புகளுக்குள் வரிசை வளைந்து வளைந்து கிடந்தது. முக்கால்மணி நேரமாவது ஆகும் என்றார்கள். எனக்கு அங்கேயே கண்ணைக் கட்டியது. ஓரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று ஒரு சின்ன கேட் இருந்தது. அங்கே நின்ற செக்யூரிட்டியிடம் தனியாகப் போய் மெதுவாகச் சொன்னேன்.

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “வீல் சேர் எங்க மேடம்?”

“வீல் சேர் இல்ல. எனக்கு ரொம்ப நேரம் நிக்க முடியாது.”

“நல்லாத்தானே நடந்து வந்தீங்க?”

“நடக்க முடியும் சார். நிக்கத்தான்...”

அவர் சிரிக்கவில்லை, பாவம், சிரிப்பை அடக்கினார். அதற்குள் நாத்தனார் பின்னாலேயே வந்து நின்றுவிட்டாள். என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். நான் ஏதோ அவமானப்படுகிறேன், காப்பாற்ற வேண்டும் என்று நினைத்துவிட்டாள்.

“சார், யாருக்கு நோயிங்கிய? எங்க மதினி ஆடிச்சுத்து நூத்தியெட்டு சுத்துனவ. வருசாவருசம் சுத்துறவ. அவளுக்கு ஒரு கொறையும் கெடையாது!”

முடிந்தது கதை. “அப்புறம் என்ன மேடம், அந்த வரிசையில போங்க” என்று கையைக் காட்டினார். நாத்தனாரை அங்கேயே நாலு சாத்து சாத்தலாமா என்றிருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் கோபம் நிற்கவில்லை. எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்கு நோய்ப் பேர் வந்துவிட்டால் அது லேசில் போகாது. என் கௌரவத்தை மீட்டுவிட்ட சந்தோஷத்தில் அவள் நின்றாள்.

வரிசையில் நின்றோம். கொஞ்ச தூரம் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. “நீங்க நில்லுங்க, வாரேன்” என்று கம்பிக்கு அடியில் குனிந்து வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன். திரும்பி நுழையும்போது பின்னால் நின்ற ஒரு அம்மா பிடித்துக்கொண்டாள்.

“பிள்ளைய நிக்க வச்சிட்டு நீங்க மட்டும் உலாத்துவீங்களா? நாங்கல்லாம் மனுசங்க இல்லையா?”

“ஏம்மா, நான் என் இடத்துலதானே நிக்கப் போறேன்? உங்க இடத்தையா கேட்டேன்?” என்று நானும் விடவில்லை. சத்தம் கூடியது. பார்க் ஆள் ஒருவர் வந்து, இனி வெளியே போனால் கடைசியில் போய்த்தான் நிற்கணும் என்று கறாராகச் சொன்னார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். “யம்மா, பேசாம நில்லேன்” என்றாள். அவளுக்கு என்னால் வெட்கமாக இருந்தது. அது எனக்கு இடுப்பைவிட வலித்தது.

சரி, நின்றேன். இந்தக் காலில் அந்தக் காலில் மாற்றி மாற்றி நின்றேன். கம்பியில் சாய்ந்தேன். குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் உட்கார்ந்து எழுந்தேன். வரிசை நகரும்போது ஓர் அடி கிடைக்கும், அந்த ஓர் அடியை மூன்றாக நடந்தேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் பள்ளிக்கூடக் கதை ஏதோ சொன்னாள், நான் சிரித்துக்கொண்டே ம் போட்டேன். என்ன சொன்னாள் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. முட்டுக்குக் கீழே காலே இல்லாதது போலிருந்தது. ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினால் சரியாகிவிடும் என்பதுதானே கொடுமை.

ஒருவழியாக முன்னால் வந்துவிட்டோம். எதிரே காலிப் படகு ஆடிக்கொண்டு நின்றது. பெல்ட் மாட்டிவிடும் பெண் எல்லாரிடமும் கேட்பதை எங்களிடமும் ஒப்பித்தாள்.

“ஹார்ட் பிராப்ளம், முதுகு வலி, இடுப்பு வலி யாருக்காவது இருக்கா?”

“ஒண்ணும் கெடையாது” என்றாள் நாத்தனார், அவளுக்கும் எனக்கும் சேர்த்து. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு சொல். சொன்னால் படகு, மகளின் பக்கத்தில் இடம், கொடுத்த வாக்கு, எல்லாம் கைக்குள். பின்னால் அத்தனை பேரும் பொறுமையில்லாமல் முனகினார்கள். நான் வாயைத் திறந்தேன்.

“இருக்கு” என்றாள் என் மகள். “எங்கம்மாக்கு இருக்கு.”

“ஏட்டி, சும்மா இரி!” என்று நாத்தனார் பதறினாள். 

“அப்ப ஏறக் கூடாது மேடம், சாரி. நீ வாம்மா, இவங்ககூட உக்காரு” என்றாள் பெல்ட் மாட்டும் பெண்.

மகள் படகைப் பார்த்தாள். இத்தனை நாளும் அதைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு என் கையை இழுத்துக்கொண்டு பக்கவாட்டுப் படியில் இறங்கிவிட்டாள். படகு நாத்தனாரோடு போய்விட்டது.

கீழே வந்ததும் என் கால்கள் தாமாகவே நடக்க ஆரம்பித்தன. அவளும் கூடவே ஓட்டமும் நடையுமாக வந்தாள். இடுப்பு மெல்ல இளகியது.

“ஏன் மக்கா அப்படிச் சொன்ன? நீ நம்பவே இல்லன்னுல்லா நெனச்சேன்?”

அவள் வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரல்கள் செக்கச்செவேல் என்று கிடந்தன. என் வளையல் பதிந்த தடம் மணிக்கட்டில் இருந்தது.

“நீதான் நசுக்குன. நான் கதை சொல்லும்போது சிரிச்சுக்கிட்டே நசுக்குன. வீட்லயும் இப்படித்தான் சிரிப்ப. கேட்டா ஒண்ணுமில்லம்ப.” அவளுக்கு அழுகை முட்டியது, கோபமும் சேர்ந்திருந்தது. “வலிச்சா சிரிக்காதம்மா. எனக்கு எப்படித் தெரியும்?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். பாழாய்ப்போன பழக்கம், சிரிப்புத்தான் முதலில் வந்தது. அவள் நின்று முறைத்தாள்.

“வலிக்கு மக்கா” என்றேன். “ரொம்ப வலிக்கு.”