என் தம்பிக்காகக் கவலைப்பட்ட நாடுகள்

உலகத்தில் இத்தனை நாடுகள் இருக்கின்றன என்பது, என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போன பிறகுதான் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குத் தெரியவந்தது.

பெட்ரோலும் இல்லாமல் கேஸும் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலம் அது. தம்பி பதுளையில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். ஓட்டினான் என்பதைவிட, பெட்ரோல் ஊற்றும் செட் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான் என்பதே சரி. ஒரு நாள் வரிசையில் யாரோ வைத்திருந்த ஒலிபெருக்கியை வாங்கி, அப்போது நாட்டை ஆண்டுகொண்டிருந்தவரைக் கூப்பிடுவதுபோல, "ஐயா, நாங்க ராத்திரி பகலா ரோட்டுல கெடக்குறோம், நீங்க எப்பங்க வீட்டுக்குப் போவீங்க?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். அதை ஒருவர் போனில் பிடித்துப் போட, ஊரெல்லாம் பார்த்துச் சிரித்தது. சிரித்தவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். கேட்டவனை மட்டும் மறுநாள் ஜீப்பில் ஏற்றினார்கள்.

எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. பதுளையில் கேட்டால் கொழும்பு என்றார்கள். கொழும்பில் கேட்டால் பதுளை என்றார்கள். அவன் உயிரோடு இருக்கிறானா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. அதை மட்டும் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான் பண்டாரவளையில் டியூஷன் வகுப்பில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள். தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டி, கண்ணில் பட்ட தூதரகங்களுக்கெல்லாம் எழுதினேன். பதில்கள் வந்தன. ஒரு நாடு கவலை தெரிவித்தது. இன்னொன்று ஆழ்ந்த கவலை தெரிவித்தது. வேறொன்று உன்னிப்பாகக் கவனித்து வருவதாகச் சொன்னது. ஐரோப்பாவில் எங்கேயோ பனிக்குள் இருக்கும் ஒரு நாடு எல்லாரையும் முந்திக்கொண்டு, மிக ஆழ்ந்த கவலை தெரிவித்தது.

கொழுந்து எடுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கியதும் அம்மா கூடையை வைக்கும் முன்பே கேட்பாள். "இன்னைக்கு எந்த நாடு கவலைப்பட்டுச்சு?"

நான் வாசித்துக் காட்டுவேன். பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கும் அக்காவும் வந்து வாசலில் உட்கார்ந்து கேட்பாள். "பாவம், நம்மளால அவங்களுக்கு வேற மனக்கஷ்டம்," என்பாள். "கவலைப்படாம சாப்புட்டுத் தூங்கச் சொல்லி ஒரு வரி எழுதிப் போடேன்."

எழுதியிருக்கலாம். அவர்கள் எப்படியும் நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பனி நாட்டின் தூதரகத்திலிருந்து ஒரு அம்மையார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. வெள்ளைக்காரர் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் தோட்டத்து நிர்வாகம் சுறுசுறுப்பானது. ரோட்டிலிருந்து தெரியும் சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தார்கள். எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. தோட்டத்துக்கு யார் வந்தாலும் மாலை போடாமல் உள்ளே விடுவது எங்கள் பழக்கத்திலேயே கிடையாது. புது மேனேஜர் துரை வந்தால் மாலை, ஓட்டுக் கேட்டு வந்தால் மாலை, ஓட்டு வாங்கியவர் ஐந்து வருஷம் கழித்துத் தலைகாட்டினாலும் மாலை. பக்கத்து வீட்டு அக்கா செவ்வந்தி மாலை கட்டித் தயாராக வைத்திருந்தாள்.

அன்றைக்குப் பார்த்து டீசல் இல்லாமல் என் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மையார் புறப்பட்டுப் போய்விட்டார். அம்மா முகமெல்லாம் வீங்கி, ஆனால் திருப்தியாக உட்கார்ந்திருந்தாள்.

"அவ மனுசிடி," என்றாள். "உங்கப்பா படத்தைப் பாத்து அப்பிடி அழுதா."

நடந்தது இதுதான். அம்மையார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருக்கிறார். அக்கா மாலையைப் போட்டிருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தவர் சுவரில் இருந்த படத்தைக் கண்டு அப்படியே நின்றிருக்கிறார். கூட வந்த கொழும்பு இளைஞர் அவர் காதில் ஏதோ சொன்னாராம். உடனே அம்மையார் தன் கழுத்து மாலையைக் கழற்றி, தலையைக் குனிந்துகொண்டு, அந்தப் படத்துக்குப் போட்டிருக்கிறார். பிறகு அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார். பல வருஷத்துக்கு முன்னால் போன புருஷனுக்காக ஒரு வெள்ளைக்காரி அழுததும், அம்மாவும் சேர்ந்து அழுதிருக்கிறாள். அழுகிறவரிடம் கேள்வி கேட்கக் கூடாது என்று அவர்களுக்குப் பயிற்சி போலிருக்கிறது. ஒன்றுமே கேட்காமல் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். மறுநாள் வகுப்பில் இருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. தடுப்புக்காவலில் இருந்த இளைஞரின் மரணத்துக்கு அந்த நாடு அதிர்ச்சி தெரிவித்திருந்தது. தம்பியின் பெயர் போட்டிருந்தது.

பண்டாரவளையிலிருந்து எப்படி வந்தேன் என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகமில்லை. வழியெல்லாம் அவனைச் சின்ன வயதில் அடித்ததே நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் நுழைந்து சுவரைப் பார்த்தேன். அப்புறம்தான் மூச்சு வந்தது.

அப்பாவுக்கு இருப்பது ஒரே படம். இளவயது அடையாள அட்டைப் படத்தைப் பதுளை ஸ்டூடியோவில் பெரிதாக்கி, வாழ்நாளில் போடாத கோட்டையும் டையையும் கம்ப்யூட்டரிலேயே மாட்டிவிட்டிருந்தார்கள். முகம் அச்சு அசல் தம்பி. நெற்றியில் சந்தனம், முன்னால் சிவப்பு பல்பு, கழுத்தில் நேற்றைய செவ்வந்தி. அந்தக் கொழும்பு இளைஞர் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கும். எங்களில் உயிரோடு இருப்பவர் படத்துக்கு யாரும் சந்தனம் வைத்து, பல்பு போட்டு, மாலை சாத்துவதில்லை.

உடனே தூதரகத்துக்குப் போன் செய்து தப்பைத் திருத்தப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"என்னன்னு சொல்லப் போற?"

"தம்பி சாகல, அது அப்பா படம்னு."

"படம் அப்பாவோடதுன்னு சொல்லு. தம்பி சாகலன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

நான் போனைக் கீழே வைத்தேன்.

"உசுரோட இருக்கான்னு கவர்மெண்டு சொல்லட்டும்," என்றாள் அம்மா. "வச்சிருக்கிறவங்க அவங்கதான்."

அதற்குப் பிறகு நடந்ததை லயமே டீவி முன்னால் உட்கார்ந்து பார்த்தது. கவலையில் கிடந்த நாடுகளெல்லாம் கண்டனத்துக்கு எழுந்தன. நாட்டுக்குக் கடன் கொடுக்கும் பேச்சை மறுபடி யோசிக்க வேண்டிவரும் என்று ஒரு நாடு சொன்னது. சாயங்காலச் செய்தியில் என் தம்பி வந்தான். மேசை முன்னால் உட்காரவைத்து, கையில் அன்றைய பத்திரிகையைக் கொடுத்திருந்தார்கள். "நான் நல்லா இருக்கேன்," என்றான்.

"எங்க நல்லா இருக்கான், எளைச்சுப் போயிட்டான்," என்று சொல்லிவிட்டு அம்மா அழுதாள். அழுதுகொண்டே அப்பா படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பிறகு பிணை கிடைத்தது. வீட்டுக்கு வரும் வழியில், ஆட்டோ ஸ்டாண்டில் நண்பர்கள் அவசரப்பட்டுக் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரைத் தம்பி பார்த்துவிட்டான். செத்துப்போனதைப் பொறுத்துக்கொண்டான், தேர்ந்தெடுத்த படத்தைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. ஒரு கண் மூடியிருந்ததாம். அந்த வாரம் முழுக்க லயத்தில் அதே சிரிப்பு. தம்பி மட்டும் இடையிடையே சிரிப்பை நிறுத்திவிட்டு, தன்னோடு அதே அறையில் வைத்திருந்த மடுல்சீமைப் பையனைப் பற்றிச் சொல்வான். அவனை யாரும் டீவியில் காட்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். மடுல்சீமையிலிருந்து மலை ரோட்டில் பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. பையிலிருந்து மகனின் பள்ளிக்கூடப் படத்தை எடுத்தார். அடுத்து, வாழையிலையில் சுற்றிய மாலையை எடுத்தார்.

"அந்த வெள்ளைக்காரம்மா நம்பர் இருக்காம்மா?" என்றார். "எல்லாம் கொண்டாந்துட்டேன். ஆனா என் கையால போட வரல. நீங்க யாராச்சும் போட்டு விடுங்க."

அம்மா கையை நீட்டினாள், பாதியிலேயே இழுத்துக்கொண்டாள். தம்பி எழுந்து வெளியே போனான். நான் போனை எடுத்து அந்தத் தூதரகத்தைக் கூப்பிட்டு, பையனின் பெயரையும் மற்ற விவரங்களையும் சொன்னேன்.

"அவர் உயிரோடு இருக்கிறாரா?" என்று கேட்டது அங்கிருந்த குரல்.

"என் தம்பி பார்த்திருக்கிறான். இருக்கிறார்."

"நல்லது," என்றது குரல், நிஜமாகவே நிம்மதியாக. "உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம்."

போனை வைத்தேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றாங்க?"

"கவனிக்கிறாங்களாம்."

அவர் மடியில் இருந்த மாலையைப் பார்த்தார். "அப்ப இதைப் போட்டாத்தான் கேப்பாங்க, இல்லையாம்மா?" என்றார்.