கூட்டாத மூலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, மானிப்பாயில் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது இது.

என் கணவர் பஸ் ஓட்டியவர். வாய் ஓயாத மனிதர். பாரிசவாதம் வந்து ஒருபக்கம் இழுத்தபின் பேச்சுக் குழறியது. பேசிப் பழகினால் திருந்தும் என்றார் டாக்டர். இவரோ, யாரும் சிரித்துவிடுவார்களோ என்று வாயே திறக்கவில்லை. நாலு மாதமாக வீட்டில் என் குரல் மட்டும்தான்.

விறாந்தையில் இருந்தபடி நந்தியாவட்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். அதில் விரல் தடிப்பில் ஒரு பச்சைப் புழு. தொட்டால் தலையை உள்ளே இழுத்து, கழுத்தில் கண் போன்ற இரண்டு நீலப் பொட்டுகளைக் காட்டி மிரட்டும். சாமிக்குப் பூத் தரும் செடியை மொட்டையடிக்கிறதே என்று எனக்கு ஆத்திரம். பிடுங்கப் போனால் இவர் கையை ஆட்டித் தடுப்பார். ஒருநாள் அது மண்ணிறமாகி, செடியை விட்டு இறங்கிக் காணாமல் போனது. சனியன் தொலைந்தது என்றிருந்தேன்.

விடிந்ததும் முற்றம் கூட்டிக் குப்பை கொளுத்தாவிட்டால் எங்கள் பக்கத்தில் அது வீடே இல்லை. அதில் நான் பேர்போனவள். இரண்டு நாள் கழித்து, செடியின் அடிச்சருகையும் விடாமல் வழித்துக் குவித்து, நெருப்புக்குச்சியை உரசினேன்.

"கொளுத்தாதையும்!"

குழறினாலும் விளங்கியது. குச்சி கையிலேயே அணைந்தது.

"என்னப்பா, என்ன?"

"அது... உதுக்கை இருக்கு."

சருகைக் கிளறினேன். நூலால் ஒட்டிய இலைகளுக்கு நடுவே பெருவிரலளவில் ஒரு கூட்டுப்புழு. தொட்டதும் நெளிந்தது. உயிரோடு எரிக்கப் பார்த்தேனே! அங்கேயே குந்தி அழுதேன். அதற்காகவா, அவர் குரலுக்காகவா, தெரியாது.

பழைய பூச்சாடியில் சருகோடு வைத்தோம். அதைப்பற்றித் தினமும் இரண்டு சொல், நாலு சொல் பேசினார். இரண்டு கிழமைக்குள் ஒரு காலை, சாடி விளிம்பில் பச்சையும் இளஞ்சிவப்புமாக உள்ளங்கையகலத்தில் ஒரு பூச்சி. வெளியூரில் இருக்கும் மகள், நான் போனில் அனுப்பிய படத்தைப் பார்த்து, பருந்து அந்துப்பூச்சி என்றாள்.

"பருந்தாம். நீர் கோழிக்குஞ்சைப் பாத்துக்கொள்ளும்" என்றார் என்னிடம். என் பழைய மனிதர் திரும்பிவிட்டார்!

அன்று இருள் கவியும் மம்மல் பொழுதில் அது எழும்பி, தேன்சிட்டுப் போல ஒரு பூவின் முன் அந்தரத்தில் நின்று குடித்துவிட்டு மதிலைத் தாண்டியது.

இன்றும் நந்தியாவட்டை நிற்கும் அந்த மூலையை நான் கூட்டுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கட்டும். குப்பையென்று நான் குவித்ததற்குள்தான் ஓர் உயிரும், என் மனிதரின் குரலும் இருந்தன.