காயம்பட்டவள் பெயரையும் கூப்பிடுங்கள்

முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதன்பின் நான் எழுதியது பெரும்பாலும் என் பெயரைத்தான். இதை அச்சில் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

எழுத வைத்தவர் ஓர் அம்மா. மருத்துவமனையில் பிசியோ பிரிவு (உடற்பயிற்சி மூலம் உறுப்பை மீட்கும் பிரிவு) வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மகள் வலைப்பந்து ஆடுபவளாம். "அண்ணே, எங்க பொண்ணுக்கும் அதே முட்டிதான். படிப்பு, வெளாட்டு, ஏதாவது ஒன்ன விடச் சொல்றாங்க. நீங்க என்னா செஞ்சீங்க?" என்று கேட்டார். எனக்குப் புதியவர்களிடம் பேச வராது. "சரியாயிரும்மா" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன். அவர் கேட்டது அதுவல்ல. அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் பதிலாக இதை எழுதுகிறேன்.

என் மகள் லோகேஸ்வரி. வீட்டில் லோகா. சின்ன வயதிலிருந்து கராத்தே. மாநில அணியில் குமித்தே (எதிராளியோடு நேருக்கு நேர் மோதும் பிரிவு) ஆடுகிறாள். பல்கலைக்கழகத்தில் கணக்கியலும் படிக்கிறாள். அணியில் இருப்பவர்களுக்கு அங்கே ஒரு நெகிழ்வுத் திட்டம் உண்டு. பாடங்களைப் பதிவில் பார்க்கலாம். போட்டி வந்தால் தேர்வை வேறு நாளில் எழுதலாம். வார இறுதியில் மட்டும் வளாகத்துக்குப் போனால் போதும். அப்படி ஒன்று இருப்பதை அவளாகத்தான் கண்டுபிடித்தாள். எனக்கு அதன் பெயரைச் சொல்லவே பல நாள் ஆனது.

ரவாங்கில் பயிற்சி மண்டபம். அன்று அவளை ஏற்றிவரப் போயிருந்தேன். பின்னால் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உதைத்துவிட்டு இறங்கினாள். பாதம் விரிப்பில் ஒட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. காய்ந்த செம்பனை மட்டையை மிதித்தால் ஒரு சத்தம் வருமே, அது வந்தது.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "ப்பா, கால் என்கிட்ட இல்ல" என்றாள்.

முதலில் போன மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, சுளுக்கு என்று வலி மாத்திரை கொடுத்தார்கள். என் மனைவி சரசுவின் அண்ணன் தைலம் கொண்டுவந்து நீவிவிட உட்கார்ந்தார். லோகா காலை இழுத்துக்கொண்டாள். அது நல்லதாகப் போனது. வீங்கிய மூட்டை முதல் நாட்களில் நீவக் கூடாது என்று டாக்டர் பின்னால் சொன்னார்.

வீக்கம் வடிந்தது. நடந்தாள். தப்பித்தோம் என்று நினைத்தோம். ஒரு நாள் எங்கள் புக்கிட் பெருந்துங் அடுக்குமாடிப் படியில் இறங்கும்போது முட்டி சும்மா மடிந்துவிட்டது. கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். பை உருண்டு கீழே போனது. நான் அவளைத் தூக்க ஓடினேன். "என்ன விடுங்கப்பா, லேப்டாப்பப் பாருங்க!" என்று கத்தினாள்.

நீங்களும் இதைக் கவனியுங்கள். வீக்கம் வடிந்தபின்னும் முட்டி திடீரென்று விட்டுக்கொடுத்தால் அது சுளுக்கு இல்லை.

எலும்பு டாக்டர் ஒரு சீன அம்மா. காலை மடக்கி, முட்டிக்குக் கீழே பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார். விழப்போகும் பல் ஆடுவது போல் எலும்பு ஆடியது. எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் உள்ளே படம் எடுப்பது) எடுத்தார்கள். ஏ.சி.எல். (தொடை எலும்பையும் கால் எலும்பையும் மூட்டுக்குள் குறுக்காகப் பிடித்துவைக்கும் நார்) முழுதாக அறுந்திருந்தது.

டாக்டர் என்னிடம் மலாயில் சொன்னார். விளையாட வேண்டாம் என்றால் இப்படியே வாழலாம், நடக்கலாம், வேலைக்குப் போகலாம். விளையாட வேண்டும் என்றால் தொடையின் பின்பக்கத்திலிருந்து நார் எடுத்து உள்ளே வைத்துக் கட்ட வேண்டும். அதன்பின் குறைந்தது ஒன்பது மாதம், ஒரு வருடமும் ஆகலாம்.

லோகா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வைங்க டாக்டர்" என்றாள். நடுவில் தேர்வு வருமே என்று கேட்டாள். முட்டியால் யாரும் தேர்வு எழுதுவதில்லை என்றார் டாக்டர். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அறுவை நன்றாக முடிந்தது. அறுவைக்குப் பின் வருவதைத்தான் யாரும் நமக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. கால் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. வலியால் அல்ல. தொடைத் தசை தூங்கிப்போய்விடும் என்று பிசியோ தம்பி சொன்னார். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அதை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. பலகையை உடைத்த பிள்ளைக்கு ஒரு துண்டை அழுத்த முடியவில்லை. தொடை என் கைபோல் மெலிந்துகொண்டே வந்தது. "அழுத்து! ஏய், ஒன்னத்தான்!" என்று தன் காலையே அதட்டுவாள். பக்கத்தில் லேப்டாப்பில் விரிவுரையாளர் பற்று, வரவு என்று பேசிக்கொண்டிருப்பார். கூடத்தில் இரண்டும் சேர்ந்தே கேட்கும்.

ஒரு நாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது, "ப்பா, ஆடுது!" என்று கத்தினாள். முட்டிச் சில்லு கொஞ்சம் மேலே ஏறி இறங்கியது. சரசு கரண்டியோடு ஓடி வந்தாள். மூன்று பேரும் அந்தச் சில்லையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகம் சொன்னது, அடுத்த பருவத்திலிருந்து நெகிழ்வுத் திட்டம் அவளுக்கு இல்லை என்று. திட்டம் அணியில் இருப்பவர்களுக்கு. அணியின் புதிய பட்டியலில் அவள் பெயர் இல்லை. இனி எல்லோரையும் போல் தினமும் வகுப்புக்கு வர வேண்டும். வருகை குறைந்தால் தேர்வு எழுத விட மாட்டார்கள். பிசியோவோ வாரநாள் காலையில். வகுப்புக்குப் போனால் முட்டி கெடும், பிசியோவுக்குப் போனால் படிப்பு கெடும்.

சரசுவின் அண்ணன் வந்தார். "மச்சான், பொம்பளப் புள்ளக்கி எதுக்குலா அடிதடி? ஒன்ன விடச் சொல்லுங்க."

உள்ளேயிருந்து லோகா கேட்டாள். "எத மாமா?"

"கராத்தேயத்தான்."

"அத விட்டா அந்தப் படிப்புத் திட்டமும் போயிரும். ரெண்டையும் ஒரே கயித்துலதான் கட்டியிருக்கு."

"அப்ப படிப்ப ஒரு வருசம் தள்ளிப் போடு."

"முட்டி ஆற வரைக்கும் மண்டையும் சும்மா கெடக்கணுமா?"

மாமா தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பல்கலைக்கழகத்துக்கு நான்தான் அவளைக் கூட்டிப்போனேன். திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மலாய் அம்மாவின் அறை. வழவழப்பான தரை, உள்ளே கம்பளம். நான் என்னையறியாமல் காலணியைக் கழற்றி வாசலில் ஓரமாக வைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். தோட்டத்தில் என் அப்பா ஆபிஸ் படிக்குக் கீழே அப்படித்தான் நிற்பார். தொரை (தோட்ட மேலாளர்) பார்த்துக் கேட்கும்வரை வாயைத் திறக்க மாட்டார். அந்த வழக்கம் என் காலில் இருந்திருக்கிறது, எனக்கே தெரியாது.

ஊன்றுகோலோடு முன்னால் போன லோகா திரும்பிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா சப்பாத்தக் கழட்டுனீங்க?"

"கம்பளம்மா..."

"எல்லாரும் சப்பாத்தோடதான் உள்ள போறாங்க. போடுங்க. இது தொர ஆபிஸ் இல்ல. நாம பிச்ச கேக்க வரல."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் எனக்குக் காது சுட்டது. குனிந்து போட்டுக்கொண்டேன். உள்ளே போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். விதி அவர் கையில் இல்லை. அவள் இன்னும் அணியில்தான் இருக்கிறாள் என்று அணி சொன்னால் திட்டத்தைத் தொடர்வதில் தனக்குத் தடையில்லை என்றார். ஆக, கதவு அங்கே இல்லை. அணியைப் பார்த்துக்கொள்ளும் கராத்தே மாஸ்டரிடம் இருந்தது.

லோகா மாஸ்டரிடம் ஏற்கெனவே கேட்டு, முடியாது என்று பதில் வாங்கியிருந்தாள். மறுபடி கேட்க மாட்டேன் என்றாள். அன்று சாயங்காலமே அவளிடம் சொல்லாமல் நான் போனேன். மாஸ்டருக்கு என்னைவிட வயது குறைவு. அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். பிள்ளைகளை ஓட விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணே, லோகா விசயமா? எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஒரு எடம் இருந்தா வெளாட ஒரு ஆளு வேணும்லா. ஆறுனதும் திரும்ப வரட்டும், செலக்‌ஷன் ஆடட்டும். நான் என்னா வேணாம்னா சொல்றேன்?"

பேச வேண்டியதை வண்டியிலேயே பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. வாயில் வந்தது வேறு.

"மாஸ்டர், பெரட்டுக்குப் போயிருக்கீங்களா?"

பெரட்டு என்பது விடிகாலையில் வேலைக்கு முன் தோட்டத்து ஆட்கள் கூடி நிற்பது. கணக்கு எழுதும் கிராணி பேர் கூப்பிடுவார்.

அவர் சிரித்துவிட்டார். "அப்பா கூட சின்னதுல போயிருக்கேன். ஏண்ணே?"

"வெட்டுப்பட்டு ஆஸ்பத்திரியில கெடக்குற ஆளு பேரையும் கிராணி கூப்புடுவாரு. கூட்டத்துலருந்து யாராவது 'ஆஸ்பத்திரி'ன்னு சத்தம் குடுப்பாங்க. அந்த ஆளு வேலைக்குத் திரும்புற வரைக்கும் தெனமும் அப்படித்தான். பேர வெட்ட மாட்டாங்க."

"அண்ணே, அது தோட்டம். இது ஸ்குவாட்லா."

"தொரகூட வெட்டலையே மாஸ்டர்."

இப்படி ஒரு பேச்சை நான் என் வாழ்நாளில் யாரிடமும் பேசியதில்லை. கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டேன். மாஸ்டர் முகம் சிவந்தது. "என்னையத் தொரைக்கிக் கீழ எறக்கிட்டீங்களே" என்றார். கோபமா விளையாட்டா என்று தெரியவில்லை. ஆனால் நான் நகரவில்லை. பிள்ளைகள் ஓடி முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள்.

"வெளாட எடம் நான் கேக்கல. அத வேற புள்ளைக்கிக் குடுங்க. பேரு மட்டும் இருக்கட்டும். தெனம் முட்டியோட மல்லுக்கட்டுறா. அதுவும் பயிற்சிதான்."

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. மேலே கேட்க வேண்டும் என்றார். கேட்டார். காயத்திலிருந்து மீள்பவர் என்று தனியாகக் குறித்து, பிசியோவையே பயிற்சியாக எடுத்துக்கொண்டு, லோகாவின் பெயரை வைத்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகமும் திட்டத்தைத் தொடர்ந்தது.

வீட்டுக்கு விசயம் வந்ததும் லோகா என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. தனக்குத் தெரியாமல் போனதற்கு. மூன்றாம் நாள், "தொரகூட வெட்டலையேன்னா சொன்னீங்க? மாஸ்டர் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியிறாரு" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதற்குப்பின் எல்லாம் நேராகப் போனது என்று எழுதினால் பொய். அந்தப் பருவத்தில் ஒரு பாடத்தில் தேறவில்லை, மறுபடி எழுதித் தேறினாள். ஓடலாம் என்று சொன்ன பிறகு முட்டி மறுபடி வீங்கியது, ஓட்டத்தை நிறுத்தினார்கள். ஒரு நாள் கையுறையைச் சுவரில் எறிந்தாள். சரசு அதை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ஒன்றை விடு என்று சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. நம் மேல் இரக்கப்பட்டுத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்கிற அந்த ஒன்று எப்போதும் நம் பிள்ளைக்குப் பிடித்ததாகவே இருக்கும். ஓய்வு எடுக்கட்டும், வேண்டியதுதான். பெயரை மட்டும் எடுக்க விடாதீர்கள். யாரிடம் போய்க் கேட்க வேண்டுமோ அங்கே போங்கள். எனக்கே பேச வந்தது என்றால் உங்களுக்கும் வரும்.

அவள் உடம்பு பழையபடி ஆகவில்லை. ஆகாது என்று டாக்டரும் சொன்னார். முட்டியில் தழும்பு இருக்கிறது, மழை நாளில் இறுகுகிறது. உள்ளே இருக்கும் நாருக்கு இன்னும் இரண்டு வயதுகூட ஆகவில்லை, அது குழந்தை என்பாள். காலையில் தரையில் பாதம் வைக்கும் முன் அதன் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். முன்பு எங்கள் வீட்டில் ஒரு போட்டி முடிந்தால் அடுத்த போட்டி, ஒரு தேர்வு முடிந்தால் அடுத்த தேர்வு, அப்படித்தான் வருடம் ஓடும். இப்போது அவள் எழுந்து நிற்கும் அந்த நேரத்தில்தான் எங்களுக்கு நாள் தொடங்குகிறது. நானும் படியில் இறங்கும்போது என் முட்டி மடங்கி நிமிர்வதை உணர்கிறேன். இத்தனை வருடம் அது என்னைச் சுமந்ததை நான் கவனித்ததே இல்லை.

இன்று கோலா குபு பாருவில் மாநில அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுப் போட்டி. காயத்துக்குப் பின் லோகா விரிப்பில் ஏறும் முதல் போட்டி. நானும் வருகிறேன் என்றேன். "வேணாம்ப்பா. நீங்க வந்தா முட்டியையேதான் பாத்துக்கிட்டு இருப்பீங்க" என்றாள். அது உண்மை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் வந்து ஒரு பாடத்தின் வேலையை அனுப்பியாக வேண்டுமாம், லேப்டாப்பையும் எடுத்துப் போயிருக்கிறாள்.

பல முறை தொடங்கிக் கிழித்துப் போட்டதை இன்று ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அவள் வென்றபின் எழுதினால் இது வென்றவர்கள் பேச்சாகிவிடும். தோற்றபின் எழுதினால் ஆறுதல் பேச்சாகிவிடும். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இரண்டு முறை அதிர்ந்துவிட்டது. இந்த வரியை முடித்துவிட்டுத்தான் எடுப்பேன்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, நண்பகல்.