உம்மாவின் தனிக் கோப்பை

கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போது துறைமுகத்தில் நிற்கும் கப்பல் எந்த நாட்டுடையது என்று பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் என்னால் வரமுடியாது. எதையும் தோண்டித் துருவுகிற குணம். ஆனால் வயிற்றில் பிள்ளையோடு கிளினிக்கிலிருந்து திரும்பிய அன்று நான் கப்பல்களையே பார்க்கவில்லை. என் இரத்தத்தில் ஹெப்பட்டைட்டிஸ் பி வைரஸ் இருக்கிறது, பல வருடமாகவே ஈரலில் சத்தம்போடாமல் குடியிருந்திருக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். எங்கிருந்து வந்தது? பிள்ளைக்கும் போகுமா? வீடு வரும்வரை இதே யோசனைதான்.

ஈரல் என்று கேட்டதுமே உம்மா அது செங்கமாரி, மஞ்சள் காமாலைதான் என்று முடிவுகட்டிவிட்டார். கீழ்காய்நெல்லியை அரைத்து மோரில் கலந்து நீட்டினார். பொரியல், இறைச்சி எல்லாவற்றுக்கும் தடை. நானும் கண்ணாடி முன் நின்று கீழிமையை இழுத்து இழுத்துப் பார்த்தேன். மஞ்சளைக் காணவில்லை. உப்புச்சப்பில்லாத சோற்றைத் தின்று தின்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்த கிளினிக்குக்கு உம்மாவையும் இழுத்துக்கொண்டு போனேன். இது செங்கமாரி இல்லை, சாறும் பத்தியமும் வேண்டாம் என்றார் டொக்டர். வைரஸ் கூடுதலாக இருந்ததால் எனக்குத் தினமும் விழுங்கக் குளிசை தந்தார். பிறந்த உடனேயே இரண்டு ஊசி போட்டால் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும், ஆனால் ஒரு வயதளவில் இரத்தம் பார்த்தால்தான் உறுதி என்றார்.

நான் விடவில்லை. "எனக்கு எங்க இருந்து வந்திருக்கும் டொக்டர்?"

"கனபேருக்குப் பிறக்கேக்க தாயிட்ட இருந்துதான் வாறது," என்றவர் உம்மாவின் பக்கம் திரும்பினார். "உங்களையும் ஒருக்காப் பாப்பம் அம்மா."

இரத்தம் பார்த்ததில் என் கணவருக்கு வைரஸ் இருக்கவில்லை. அவருக்குத் தடுப்பூசி போட்டார்கள். உம்மாவுக்கு இருந்தது. துப்புத் துலங்கிவிட்டதென்று ஒரு நொடி சந்தோஷப்பட்டுவிட்டுத்தான் உம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

எங்கள் ஆட்கள் விசேஷங்களில் சஹன் என்கிற பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றியிருந்து ஒன்றாகக் கையிட்டுச் சாப்பிடுவோம். அதற்குப் பிறகு வந்த பெருநாளுக்கு உம்மா சஹனுக்கு வரவில்லை. குசினியில் அடுப்பருகே தனிக் கோப்பையில் சோற்றைப் போட்டு மடியில் வைத்துச் சாப்பிட்டார். இது இரத்தத்தால் தொற்றும், சாப்பாட்டால் தொற்றாது என்று டொக்டர் சொன்னதை வாய் வலிக்கச் சொல்லிப்பார்த்தேன்.

"ஒனக்குத் தந்தது போதும் மகள்," என்றார்.

மகன் பிறந்ததும் இரண்டு தொடையிலும் ஊசி போட்டார்கள். அவன் வீரிட்டு அழுததைக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது. மற்ற ஊசிகளையும் நாள் தவறாமல் போட்டோம். தாய்ப்பால் கொடுக்கலாம் என்றார்கள், கொடுத்தேன். உம்மா அவனைக் குளிப்பாட்டுவார், தொட்டிலாட்டுவார். முத்தம் மட்டும் கொடுக்கமாட்டார். அவன் சோறு தின்னத் தொடங்கியபோதும் கரண்டியால்தான் ஊட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவனுக்குத் தொற்றியிருக்குமோ என்ற பயம் இரத்தம் பார்க்கும் நாள்வரை எனக்கும் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள் முடிவு கிடைத்தது. உம்மா வாசலிலேயே நின்றார்.

"புள்ளைக்கு?"

"இல்ல உம்மா. ஒண்டுமில்ல."

"டொக்டரே சொன்னாரா?"

"ஓம் உம்மா. அவர்தான் சொன்னார்."

உம்மா உள்ளே போய், நாளைய சமையலுக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

மறுநாள் சஹன் வைத்ததும், யாரும் கூப்பிடாமலே உம்மா என் மகனைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தார். எங்களோடு கையிட்டுச் சோற்றை எடுத்துப் பிசைந்து, சின்ன உருண்டையாக்கி அவன் வாயில் வைத்தார். அவன் உம்மாவின் விரலையும் சேர்த்துச் சப்பினான். உம்மா கையை எடுக்கவில்லை.