தெர்மாகோலில் ஒரு செல்

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ப்ராஜெக்ட் சாமான் கடை வைத்தவன், பிள்ளைகளின் பாடத்தையெல்லாம் தானும் மறுபடி படித்துத் தொலைக்க வேண்டும். தெர்மாகோல் அறுத்துக் கையைக் கிழித்துக்கொண்ட பெற்றோர்களே, உங்கள் வலி எனக்குத் தெரியும்.

எதிர்க்கடைக்கு அனுப்பினேன்

முனிச்சாலையில் கடை திறந்த புதிது. பர்வீன் என்ற பெண், எட்டாவது படிக்கும் மகள் அஸ்மாவோடு வந்து, செல்லுக்கு உள்ளே இருப்பதெல்லாம் வேண்டும் என்றார். நான் எதிரே இருந்த மொபைல் சர்வீஸ் கடையைக் கைகாட்டினேன். போன வேகத்தில் இருவரும் திரும்பினார்கள். கூடவே அந்தக் கடைக்காரரும் வந்தார்.

"அண்ணே, இவங்க கேக்குறது உயிருள்ள செல்லு. என்கிட்ட வாரது எல்லாம் செத்த செல்லுதான்."

சுவர் கிடையாது

தெர்மாகோலை வட்டமாக அறுத்துக் கொடுத்தேன். ஓரத்தில் சுவர் மாதிரி அட்டை ஒட்டச் சொன்னார் பர்வீன். சுவர் செடியின் செல்லுக்குத்தான், விலங்குச் செல்லுக்கு மெல்லிய சவ்வுதான் என்றாள் அஸ்மா. வேண்டியதை அது உள்ளே விடும், கழிவை வெளியே தள்ளும். பர்வீனுக்கு மனசு கேட்கவில்லை. கணவர், அதாவது அஸ்மாவின் அத்தா, சவுதியில் டிரைவர். வீட்டில் தாயும் மகளும் மட்டும்.

"இம்புட்டு மெல்லிசா இருந்தா எப்படிண்ணே? அவுக போனதுல இருந்து நான் ரெண்டு தாழ்ப்பாள் போட்டுத்தான் படுக்குறேன்."

பார்சல் ஆபீஸ்

செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு மொச்சைக்கொட்டை, புரதம் செய்யும் ரைபோசோமுக்குக் கடுகு என்று சமாளித்தோம். கோல்கை உறுப்புதான் படுத்தியது. ஸ்பாஞ்சை வளைத்து அடுக்கினால் சரிந்து சரிந்து விழுந்தது. இது என்னதான் செய்கிறது என்று எரிச்சலோடு கேட்டேன். புரதத்தைப் பொட்டலம் கட்டி, வேண்டிய இடத்துக்கு அனுப்புமாம்.

"எங்க அத்தா மாதிரி, அங்கிள். பொட்டி கட்டி அனுப்பும், அது வராது."

நடுவில் காலி

செல்லை நடத்துகிற உட்கருவுக்கு ஒரு ரப்பர் பந்து வாங்கினார்கள். அதை மட்டும் அஸ்மா ஒட்டவில்லை. பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு முன்னால் அத்தா லீவில் வருகிறார், அவர் கையால் ஒட்டட்டும் என்றாள். கண்காட்சி அன்று காலையில் பர்வீன் தனியாக மாடலைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகத்தைப் பார்த்ததுமே லீவு கிடைக்கவில்லை என்று புரிந்தது. நானே ஒட்டிவிடலாம் என்று பசையை எடுத்தேன். பர்வீன் பந்தைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"உட்கருன்னு பேரை மட்டும் ஒட்டிக் குடுங்கண்ணே. எடம் அப்படியே இருக்கட்டும், அத்தா வந்து வைக்கட்டும்னு பாப்பா சொல்லிருச்சு."

உட்கரு இல்லாத செல் ரொம்ப நாள் தாங்காது என்று எழுதிய பாடப்புத்தகக்காரர், பர்வீன் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை போலிருக்கிறது.