எக்ஸ்ரே மேஜைக்கு வந்த கழுகு

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்பாக்கத்தில் வேலை. சொந்த ஊர் திருச்சிப் பக்கம். அந்த வருஷம் ஆடி முடிந்ததும் என் மனைவி இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். நான்கு வயது மகளை, "நான் பார்த்துக்கொள்கிறேன், நீ நிம்மதியாகப் போய் வா" என்று வீறாப்பாக என்னிடமே நிறுத்திக்கொண்டேன். பகலில் பக்கத்து வீட்டு அம்மாள் பார்த்துக்கொள்வார். காலையும் மாலையும் என் பாடு. ரெட்டைச் சடை பின்னக்கூடக் கற்றுக்கொண்டேன். ஒன்று மேலே இருக்கும், ஒன்று கீழே இருக்கும், அதனால் என்ன? மூன்று வாரம் ஓட்டியதும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்துவிட்டது.

அவளுடைய கவுன்களில் பாதிக்கு முதுகுப் பக்கம் பொத்தான் கிடையாது. எனக்குத் தைக்க வராது. அதனால் ஊக்கு குத்திவிடுவேன். இரண்டு கையும் துணியைப் பிடித்திருக்கும் என்பதால், ஊக்கைத் திறந்து உதட்டில் கவ்விக்கொள்வது என் வழக்கம். அதை ஒரு ஜோடிக் கண்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு ஊக்கைக் குத்திவிட்டுச் சீப்பை எடுக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தால், மிச்சமிருந்த ஊக்கை அவள் உதட்டில் கவ்விக்கொண்டு, அப்பா மாதிரியே நிற்கிறாள். "ஏய்!" என்று ஒரு கத்து கத்தினேன். அவள் திடுக்கிட்டாள். அவ்வளவுதான், ஊக்கு உள்ளே போய்விட்டது.

தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன். மூச்சுக்குழாயில் போகவில்லை என்றார் டாக்டர். ஊக்கு மூடியிருந்தால் தானாக வெளியே வந்துவிடும், திறந்திருந்தால் மெட்ராஸ் போய் ஆபரேஷன் செய்யவேண்டி வரலாம், எக்ஸ்ரே பார்த்தால்தான் தெரியும், செங்கல்பட்டுக்கு உடனே போங்கள் என்றார். பஸ்ஸில் வழி முழுக்க ஒரே யோசனை. அந்த இரண்டாவது ஊக்கை நான் திறந்து வைத்தேனா, மூடி வைத்தேனா? எவ்வளவு கசக்கியும் மூளை பதில் சொல்லவில்லை. மனைவிக்கு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததுமே மகள் வீறிட்டாள். அதுவும் என் கைங்கரியம்தான். இன்னொரு வாய் வாங்காவிட்டால் டாக்டரிடம் கூட்டிப்போய் இத்தனை பெரிய ஊசி போடச் சொல்வேன் என்று முழங்கை வரைக்கும் அளந்து காட்டித்தான் தினமும் சோறு ஊட்டிவந்தேன். எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் இதே பாட்டுதான். இப்போது அந்த முழ நீள ஊசியைத் தேடிக்கொண்டு அவள் என் கழுத்தைக் கட்டிப்பிடித்துக் கதறினாள்.

எக்ஸ்ரே அறையோ கறுப்புத் திரை போட்டு இருட்டாக இருந்தது. எக்ஸ்ரே எடுப்பவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வாய் நிறைய வெற்றிலை, மடித்துவிட்ட சட்டைக்கை. "இன்னா முழுங்கிச்சு?" என்று அவர் கேட்ட தோரணையே என் திருச்சிக் காதுக்குப் பிடிக்கவில்லை. நான் தோளை அமுக்க, ஆயா காலை அமுக்க, குழந்தை துள்ளத் துள்ள ஒரு படம் எடுத்தார். உள்ளே போய் அதைக் கழுவி, சொட்டச் சொட்ட எடுத்துவந்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆடிப்போச்சு சார். ஊக்கு கீது. தொறந்து கீதா, மூடிக் கீதான்னு தெரியல. இந்த அளவுல ஃபிலிம் இன்னும் ஒண்ணுதான் கீது."

துணியால் கட்டிவிடலாம் என்றார் ஆயா. நானும் தலையாட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று என் பிள்ளையை மேஜையோடு கட்டச் சம்மதித்தவன் நான்.

"கட்டுனா கையி காலு நிக்கும். வயிறு நிக்குமா? அயுதுகினே இருந்தா அது தூக்கித் தூக்கிப் போடும். கொயந்தய கீய எறக்கி உடு சார்," என்றார் அவர்.

இறக்கிவிட்டேன். அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிஷினைத் துடைத்துக்கொண்டே, எந்த ஊர் என்று என்னைக் கேட்டார். கல்பாக்கம் என்றேன்.

"அப்ப எங்க ஊரு வயியாத்தான் வந்துகிறீங்க. நான் கயுக்குன்றத்து ஆளு." பிறகு போகிற போக்கில் அவளிடம், "மலைமேல கயுகு வருமே, பாத்துக்கிறியா பாப்பா?" என்றார்.

அழுகை சட்டென்று பாதியில் நின்றது. பார்த்திருக்கிறாளே! சித்திரையில் என் தோளில் ஏறி உட்கார்ந்து திருக்கழுக்குன்றத்து மலைக்குப் போய்ப் பார்த்தவள். உச்சிவேளையில் பாறையில் சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு பண்டாரம் காத்திருப்பார். கழுகு இறங்கும்வரை அத்தனை கூட்டமும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கும். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இரண்டு விரலைக் காட்டினாள்.

"ரெண்டும் அங்க துண்ணுட்டு இங்கதான் வருது. இருட்டா இருந்தாத்தான் வரும். இதா, தூங்கினு கீது பாரு," என்று மிஷினின் தலையைக் கீழே இழுத்து, "மூக்கத் தொட்டுப் பாக்கிறியா?" என்றார். அவள் ஒரு விரலால் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

அடுத்து அவர் செய்ததை நான் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. தானே அந்த மேஜையில் ஏறி மல்லாந்து படுத்தார். தான்தான் பாறை என்றார். கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து வயிற்றில் வைத்து, இதுதான் சர்க்கரைப் பொங்கல் என்றார். கண்ணை மூடினார். மூடியவர், வேண்டுமென்றே காலை ஒரு உதறு உதறி, "அய்யய்யோ, ஆடிட்டேன்! கயுகு ஓடிப்போச்சு!" என்று அலறினார்.

என் மகள் சிரித்துவிட்டாள். "பாறை ஆடாது!" என்று அவரையே அதட்டினாள்.

"எனக்கு வரமாட்டேங்குது. நீ பாறையா இருக்கிறியா?"

வெளியே இருபது பேராவது காத்திருந்தார்கள். யாரோ கதவைத் தட்டினார்கள். "இருய்யா, வரேன்!" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, அடுத்த நொடியே குரலைக் குழைத்து அவளிடம் பேசினார். அவளாகவே கையை நீட்டித் தூக்கச் சொல்லி மேஜையில் படுத்துக்கொண்டாள். பஞ்சு அவள் வயிற்றுக்கு மாறியது. மூச்சு விட்டால் பொங்கல் பறந்துவிடும், நான் சொல்லும்போது வாயை மூடிக்கொள் என்றார். "றெக்க சத்தம் விர்ருன்னு கேக்கும். டக்குனு கொத்தும். பஞ்சத்தான் கொத்தும், உன்னைக் கொத்தாது" என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொன்னார். என்னைத் தடுப்புக்குப் பின்னால் வரச் சொன்னார். "அப்பா, நீயும் பேசக் கூடாது" என்று மேஜையிலிருந்து உத்தரவு வந்தது.

நான் எங்கே பேசுவது? என் மூச்சே நின்றிருந்தது. தடுப்பின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு முன் இரண்டு பேரால் பிடிக்க முடியாத குழந்தை, இருட்டில், தனியாக, உதட்டை இறுக்கிக்கொண்டு பாறையாகவே கிடந்தாள். விர்ரென்றது. டக்கென்றது.

அவர் போய் மிஷினை மேலே தள்ளும் சாக்கில் பஞ்சைக் கைக்குள் சுருட்டிக்கொண்டார். "பாரு, துண்ணுட்டுப் போயிடுச்சு!" அவள் வயிற்றைத் தடவிப் பார்த்து, "வலிக்கவே இல்லப்பா" என்றாள்.

படத்தைக் கழுவிக் கொண்டுவந்து விளக்குக்கு நேரே பிடித்தார். என் கண்ணுக்கே தெரிந்தது. முதுகெலும்புக்குப் பக்கத்தில் சின்ன ஊக்கு, முனை தலைக்குள் பத்திரமாக அடங்கியிருந்தது.

"மூடித்தான் கீது சார்."

அங்கேயே நின்று அழுதேன். அவர் பார்க்காததுபோல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். டாக்டரும் பயமில்லை என்றார். மூன்றாம் நாள் ஊக்கு தானாக வந்துவிட்டது.

மனைவியும் கைக்குழந்தையும் வந்தபிறகு, அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்று ஒரு சீப்புப் பழத்தோடு செங்கல்பட்டு போனேன். எக்ஸ்ரே அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மாமல்லபுரத்துக் குப்பத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், கை வீங்கிய தன் சின்னப் பிள்ளையோடு நின்றாள். மேஜை அன்றைக்குக் கட்டுமரமாகியிருந்தது. "வல போட்டுக்கிறோம். ஆடுனா மீனு ஓடிப்பூடும், ஆமா!" என்று அவர் சொல்ல, கன்னத்தில் கண்ணீரோடு அந்தப் பிள்ளை அசையாமல் கையை நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் வெளியே வந்ததும், ஊக்கு விழுங்கிய குழந்தையின் அப்பா என்றேன்.

"எந்த ஊக்கு சார்? மாசத்துக்கு நாலு ஊக்கு வருது," என்றார். பழத்தை வாங்கி ஆயாவிடம் கொடுத்தார். "கொயந்த நல்லாக் கீதுல்ல? அதான் வேணும்." உள்ளே போய்விட்டார்.

அவருக்கு என் மகள் நினைவில் இல்லை என்பது அன்று எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இன்று பேரப்பிள்ளைகள் ஏதாவது பயந்து அழும்போது, அதட்டத்தான் முதலில் எனக்கு வாய் வருகிறது. உடனே, யார் பெற்ற பிள்ளைக்காகவோ எக்ஸ்ரே மேஜையில் ஏறிப் படுத்துக் காலை உதறிய அந்த மனிதர் நினைவுக்கு வருவார், நான் வாயை மூடிக்கொண்டு குழந்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.