நல்ல தண்ணீரில் கழுவிய தோணி

மாமா ஏன் இப்போது நம்ம வீட்டுக்கு வருவதில்லை என்று நீங்க ரெண்டு பேரும் உங்க உம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அவள் என்னைக் கைகாட்டிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிறாள். வாயால் சொன்னால் என் பக்கத்தை நல்லபடியாக ஆக்கிச் சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயம். அதனால் எழுதி வைக்கிறேன்.

மாமா சவுதியை விட்டு ஊரோடு வந்துவிட்ட வருசம் அது. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர், போனில் ஒரு படத்தைக் காட்டினார். கரையோரமாக ஒரு பெரிய பாய்த்தோணி, ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. பாய்மரம் ரெண்டில் ஒன்று இல்லை. கொழும்புக்குக் கூரை ஓடும் உப்பும் ஏற்றிக்கொண்டு போன தோணியாம். எத்தனை வருசம் பழசு என்று விற்கிறவர்களுக்கே சரியாகத் தெரியாது. பாட்டன் காலத்திலேயே பழசாக இருந்தது என்றார்களாம். விலைக்கு வருகிறது, வேலை நிறைய இருக்கிறது, மரம் நல்லாயிருந்தால் வாங்கிவிடுவேன் என்றார் மாமா. வேலை முடிந்ததும் கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு கொச்சிக்குப் பாய் விரித்துப் போவது, அங்கே சுற்றுலாக்காரர்களை ஏற்றுவது என்பது அவர் திட்டம். தோணியில் தானும் போவேன் என்றார்.

"மரத்தை நீங்கதான் பாக்கணும் மச்சான். நீங்க நல்லதுன்னா நான் ஏறிப் போயிருவேன்."

நான் பழைய மரம் வாங்கி விற்கிறவன். இடிக்கிற வீடுகளில் உத்திரம், கதவு, நிலை எதுவானாலும் விரல் முட்டியால் ரெண்டு தட்டு தட்டினால் சொல்லிவிடுவேன். பேட்டையிலும் மேலப்பாளையத்திலும் வீடு கட்டுகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் மரம் எடுப்பார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. தோணியும் மரம்தானே என்று நினைத்தேன்.

ஏரல் வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கிருந்து ஒரு ஆட்டோவில் போனோம். நம்ம தாமிரபரணி கடலில் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு உப்பங்கழி பிரிகிறது. அந்தக் கழிக்கரையில் கட்டைகள் மேல் தோணியை ஏற்றி வைத்திருந்தார்கள். கிட்டத்தில் போனால் ஒரு வீடு மாதிரி நின்றது. மீன் எண்ணெய் ஊறி ஊறிக் கருத்துப்போன பலகை. நான் முன்பக்கத்து அணியத்திலிருந்து பின்பக்கம் வரை தட்டிக்கொண்டே வந்தேன். எல்லா இடத்திலும் கணீர் என்றது. பலகையை உள்ளிருந்து தாங்குகிற வளைகட்டையெல்லாம் நாட்டுக் கருவேலம். பலகை ஐனி மரம். இப்படி மரம் இனிமேல் கிடைக்காது என்று மாமாவிடம் சொன்னேன்.

அங்கே கரையூரைச் சேர்ந்த ஒருவரும் வந்திருந்தார். கலப்பத்துக்காரர். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் பூசித் தண்ணீர் புகாமல் அடைக்கிற வேலைக்குத்தான் கலப்பத்து என்று பேர். மாமா அவரை அந்த வேலைக்குப் பேசியிருந்தார். நான் தட்டுவதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணாச்சி, உள்ள ஆள் இருக்கான்னு கதவ தட்டுதியளா?"

மாமா சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆள் உள்ளே இறங்கினார். ஒரு வளைகட்டையை விரலால் அழுத்தித் தேய்த்து, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். அப்புறம் இன்னொரு கட்டை. நல்லா இருக்கு என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு மேலே வந்தார். இப்போது நான் சிரித்தேன். ஊறுகாய்க்கு உப்பு பார்க்கிற மாதிரி மரம் பார்க்கிறான் என்று திரும்பி வரும்போது வழி முழுக்க மாமாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

மாமா தோணியை வாங்கினார். கலப்பத்துக்காரர் கையில் இன்னொரு வேலை இருந்ததால் ஒரு மாதம் கழித்து வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் உள்ளே சுத்தம் பண்ணி வைப்போம் என்று நான்தான் சொன்னேன். உள்ளே கால் வைத்து நடக்கிற அடிப்பலகையைத் தூக்கினால் வளைகட்டைகளுக்கு நடுவில் எல்லாம் உப்பு. கல் மாதிரி இறுகி, கறுத்து, கட்டி கட்டியாக. ஏற்றின சரக்கு சிந்திச் சிந்தி அடைந்துபோன அழுக்கு என்று நினைத்தேன். கடல்பக்கத்து வீடுகளில் இருந்து வருகிற மரத்தை நாங்கள் முதலில் நல்ல தண்ணீரில் கழுவித்தான் கடைக்குள்ளேயே எடுப்போம். உப்பு இருந்தால் ஆணி துருப்பிடிக்கும், வார்னிஷ் நிற்காது, சுவரும் பொரிந்துவிடும். நம்ம ஊர்க்காரன் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான். கடப்பாரையை வைத்து உப்பைப் பேர்த்து மூட்டை மூட்டையாக வெளியே எடுத்தோம். அப்புறம் ஆற்றுத் தண்ணீர் டேங்கர் லாரி நாலு நாள் வந்தது. மாமா குழாயைப் பிடித்தார், நான் துடைப்பத்தால் தேய்த்தேன். தாமிரபரணித் தண்ணியில குளிச்சா தோணிக்கும் வயசு குறையும் என்று நான் சொன்னேன். நான் சொன்னதுதான். வேறு யாரும் சொல்லவில்லை.

கலப்பத்துக்காரர் வந்த அன்றைக்கு நானும் இருந்தேன். உள்ளே இறங்கினார். பழைய மாதிரியே விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தார். துப்பினார். இன்னொரு கட்டையில் பார்த்தார். அதற்கும் துப்பினார். பைய மேலே ஏறி வந்து, கீழே வைத்திருந்த சுத்தியலையும் உளிகளையும் சாக்கில் போட்டுக் கட்ட ஆரம்பித்தார். மாமா பதறிப்போய் என்னவே என்று கேட்டார்.

"நல்ல தண்ணியில குளிப்பாட்டிட்டியளா?"

சுத்தம் பண்ணினோம் என்றேன் நான்.

"நான் இதுல கை வைக்க மாட்டேன். மழ பெய்யட்டும். அப்பறம் பாத்துக்கிடுவிய."

அவ்வளவுதான். சண்டை போடவில்லை, விளக்கிச் சொல்லவும் இல்லை. கழிக்கரையில் உடைமரங்களுக்கு நடுவே அவர் சாக்கைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கூலியைக் கூட்டிக் கேட்கத்தான் இப்படிப் பிகு பண்ணுகிறார், ரெண்டு நாளில் வந்துவிடுவார் என்று நான் மாமாவுக்குத் தைரியம் சொன்னேன். அவர் வரவே இல்லை. வேறு ஊரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அடைத்தோம். அவர்கள் பட்டி வைத்தார்கள், பெயிண்ட் அடித்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. தோணி மேல் தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டினோம். கார்த்திகையில் ஆறு பெருகி, கழித்தண்ணீரே உப்புக் கரிக்காமல் கிடந்தது. தார்ப்பாய்க்குள் தலையை விட்டால் வெக்கையும் ஈரமுமாக முகத்தில் அடித்தது. இஞ்சினுக்கும் பாய்மரத்துக்கும் காத்துக் கிடந்ததில் அடுத்த வருச மழையும் வந்து போய்விட்டது. அந்தக் கோடையில் உள்ளே ஒரு வாடை வந்தது. வைக்கோல் போரில் காளான் முளைக்கும்போது வருமே, அந்த வாடை. புது பெயிண்ட் நாற்றம் என்று மாமா சொன்னார். நானும் ஆமாம் என்றேன். பழைய மரத்திலேயே பிழைக்கிறவனுக்கு அது என்ன வாடை என்று தெரியாமல் இருக்குமா? தெரிய வேண்டாம் என்று இருந்தேன்.

தோணியைத் தண்ணீரில் இறக்கிக் கொச்சிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நான் மட்டும் உள்ளே போனேன். அடிப்பலகை ஒன்றைத் தூக்கி, எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கிற திருப்புளியை ஒரு வளைகட்டையில் வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரை இறங்கியது. உருவினால் நுனியில் ஈரத்தூள், காபித்தூள் மாதிரி. பக்கத்துக் கட்டை, அதற்குப் பக்கத்துக் கட்டை என்று அணியம் வரை பார்த்தேன். வெளிப்பலகை மட்டும் நல்லாயிருந்தது. அதைத் தாங்குகிற எலும்பு முழுக்கப் போயிருந்தது. இத்தனை வருசம் மரத்தை மக்கவிடாமல் வைத்திருந்தது அந்த உப்புதான், கலப்பத்துக்காரர் நாக்கில் வைத்துத் தேடினதும் அதைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. கன்னியாகுமரி தாண்டும்போது ஒரு பெரிய அலை தூக்கிப் போட்டால் போதும். மாமாவோடு இன்னும் ஆறு பேர் அதில் போகிறார்கள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பலகையைத் திருப்பிப் போட்டு மூடிவிட்டு மேலே வந்தேன். மாமா புதுப் பாயைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். கெட்டது தெரிந்தால், கெடுத்தது யார் என்றும் தெரிந்துவிடும். அந்த ஒரு நினைப்புதான் என் வாயைக் கட்டிப் போட்டது. மறுநாள் காலையில் கிளம்பும்போது உங்க உம்மா என்னிடம் கேட்டாள்.

"நேத்தும் போய்ப் பாத்தியள்லா, மரம் நல்லாத்தான இருக்கு?"

"ம்" என்றேன். அவளுக்குக் கூடப்பிறந்தது மாமா ஒருத்தர்தான்.

அன்றைக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். பாத்திஹா ஓதி எல்லாருக்கும் நேர்ச்சைச் சோறு கொடுத்தார்கள். தண்ணீர் ஏறுகிற நேரம் பார்த்துக் கயிற்றைப் போட்டு இழுத்ததும் தோணி வழுக்கிக்கொண்டு போய் மிதந்தது. சனம் கைதட்டியது. முகத்துவாரம் வரைக்கும் பிள்ளைகளும் வரட்டும், அங்கன சின்ன வள்ளத்தில் இறக்கி விடுகிறேன் என்று மாமா உங்களைத் தூக்கி ஏற்றிவிட்டார். சின்னவள் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கை காட்டினாள்.

நான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப்போய் ஏறினேன். உங்களை ஒவ்வொருவராகக் கீழே நின்றவர்கள் கையில் கொடுத்தேன். அழுதீர்கள், ஞாபகம் இருக்கும். மாமா என்னவென்று புரியாமல் நின்றார். அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். பலகையைத் தூக்கித் திருப்புளியை அவர் கையில் கொடுத்து, குத்திப் பாரு மாப்ள என்றேன்.

ஒரு தரம் குத்தினார். அப்புறம் நகர்ந்து நகர்ந்து குத்திக்கொண்டே போனார். குத்தின ஒரு இடத்திலிருந்து தண்ணீர் பைய ஊறி வந்தது. திரும்பி வந்து என் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"எப்போ தெரியும்?"

நேத்து என்றேன்.

"நேத்து தெரியும். காலையில அக்கா கேட்டப்போ தெரியும். என்னை ஏத்தி அனுப்பத்தான இருந்திய? உங்க பிள்ளையள் ஏறினதாலதான் சொல்லுதிய."

அவர் சொன்னது சரி. நீங்க ஏறாமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்று எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். சொல்லியிருப்பேன் என்று சத்தியம் பண்ண என்னால் முடியவில்லை. இந்தக் காகிதத்திலும் முடியவில்லை.

ஏற வந்த ஆறு பேரும் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக இறங்கிப் போய்விட்டார்கள். மாமா சாயங்காலம் வரை தோணியிலேயே இருந்தார். மறுபடியும் கரையில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவர் நம்ம வாசலை மிதிக்கவில்லை. உங்க உம்மா அவர் வீட்டுக்குப் போய் வருகிறாள். என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நீங்க பெரியவர்களாகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பேன். போன வாரம் கடைக்கு வந்த ஒருத்தர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். அதே தோணி. நீலப் பெயிண்ட் அடித்து, பாயைப் பாதி விரித்து நிற்கிறது. பழமையான பாய்க்கப்பல், சிறு வேலைகள் மட்டும் பாக்கி என்று போட்டிருக்கிறது. கீழே மாமாவின் நம்பர். சிறு வேலை என்று எழுத அவருக்கு எப்படி மனசு வந்தது என்று நான் கேட்க முடியாது. எனக்கு "ம்" என்று சொல்ல மனசு வந்ததே.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கேரளாவிலிருந்து அண்ணன் தம்பி ரெண்டு பேர் வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறார்களாம், பிடித்தால் கையோடு தண்ணீரில் இறக்கி ஓட்டிக்கொண்டே போகப் போகிறார்களாம் என்று படத்தைக் காட்டினவர் சொன்னார்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் போகிறேன். அவர்களை உள்ளே கூட்டிப்போய்ப் பலகையைத் தூக்கிக் காட்டி, உப்பை எடுத்தது யார், தண்ணீர் ஊற்றியது யார் என்று சொல்லிவிட்டு வருவேன். மாமா அங்கே இருப்பார். என்ன செய்வார் என்று தெரியாது. உங்க உம்மாவிடம் இப்போதுதான் சொன்னேன். கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உங்க பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.